கேட்காமல் விட்ட ஓட்டு

அப்டன் பார்க்கில் கடை வைத்திருந்த என் மாமா கன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினர். நியூஹாமிலோ 2010, 2014, 2018 தேர்தல்களில் 60 கவுன்சிலர் இடங்களும் லேபருக்கே. "இங்கே என் ஓட்டு செல்லாக் காசு, மாப்பிள்ளை" என்பார். அவர் ஓட்டுக்கு மதிப்பிருந்த ஒரே இடம் கட்சித் தலைவர் தேர்தல்.

அந்த உரிமை பழையதல்ல. கட்சி எம்.பி.க்கள் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்ததே 1965இல்தான் தொடங்கியது. 1998இல் வில்லியம் ஹேக் இறுதி முடிவை உறுப்பினர்களிடம் ஒப்படைத்தார். 2001இல் அவர்கள் தேர்ந்த இயன் டங்கன் ஸ்மித்தை 2003இல் எம்.பி.க்கள் இறக்கினார்கள்.

2022இல் எம்.பி.க்களிடம் முந்தியவர் ரிஷி சுனக். உறுப்பினர்களோ 81,326க்கு 60,399 என்ற கணக்கில் லிஸ் டிரஸ்ஸைத் தேர்ந்தார்கள். மாமாவும் டிரஸ்ஸுக்கே போட்டார். "நம்ம ஆள் நின்றாரே?" என்றேன். "ஆளைப் பார்க்கவில்லை, வரியைப் பார்த்தேன்" என்றார்.

டிரஸ் பதவியில் இருந்தது 49 நாள். அடுத்த போட்டிக்கு நூறு எம்.பி.க்களின் ஆதரவு வேண்டும் என்று விதி வைத்தார்கள். சுனக் ஒருவரே தேறினார். உறுப்பினர்களின் ஓட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று.

சுனக் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. மாமாவின் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை: "தப்பாகப் போட்டவனிடம் திரும்பக் கேட்பதுதானே தேர்தல்?"