தொல்லை அழைப்புத் தடுப்புச் செயலி

தொல்லை அழைப்புத் தடுப்புச் செயலி என்பது, சந்தாதாரர் விரும்பாத வியாபார அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் இனங்கண்டு தடுக்கவும், அவற்றைக் குறித்துப் புகார் அனுப்பவும் கைப்பேசியில் நிறுவப்படும் மென்பொருளாகும். இந்தியாவில் இதற்குப் பிரதான உதாரணம், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2016இல் வெளியிட்ட டி.என்.டி. செயலி.

வரலாறு: செயலிக்கு முன்பே சட்டம் பிறந்தது. 2007 ஜூன் 5ஆம் தேதி ஆணையம் பிறப்பித்த விதிகளின்படி, விளம்பர அழைப்பு வேண்டாதோரின் எண்களுக்கென்று தேசியப் பதிவேடு ஒன்று ஏற்பட்டது. எனினும், ஒருவரின் பதிவு செயலுக்கு வர 45 நாள்கள் பிடித்தன. 2010இல் இயற்றப்பட்டு, 2011 செப்டம்பர் 27 முதல் முழுமையாக அமலுக்கு வந்த விதிகள், அக்காலத்தை 7 நாள்களாகச் சுருக்கியதோடு, இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை விளம்பரங்களை விலக்கி, விளம்பர அழைப்புகளுக்கென்று 140 எனத் தொடங்கும் எண்களையும் ஒதுக்கின.

வகைப்பாடு: இவ்விதிகள் விளம்பரங்களை ஏழாகப் பகுத்தன: வங்கி மற்றும் காப்பீடு, நிலமனை, கல்வி, சுகாதாரம், நுகர்பொருளும் வாகனமும், தகவல் தொடர்பும் பொழுதுபோக்கும், சுற்றுலா. 1909 என்ற எண்ணுக்கு 'ஸ்டார்ட் 0' என்று ஆங்கில எழுத்தில் அனுப்பினால் எல்லா வகைகளும் தடைப்படும். உரிய எண்களை மட்டும் குறித்தால் அவ்வகைகள் தொடர்ந்து வரும். உத்திரமேரூர் வட்டாரத்தில் பயிர்க்கடன் குறித்த வங்கியின் செய்தியை எதிர்பார்த்திருக்கும் நெல் விவசாயி, அதைத் தவறவிடாமலே நிலமனை விளம்பரங்களை நிறுத்திக்கொள்ள இப்பாகுபாடு பேருதவியாகும்; அதற்குப் பொத்தான் கைப்பேசியே போதும்.

அமைப்பு: ஆண்ட்ராய்டு கைப்பேசியில், பயனரின் அனுமதி பெற்ற செயலி, வரும் எண்ணைப் பரிசோதித்து, மணி ஒலிக்குமுன் அழைப்பைத் துண்டிக்கலாம். ஐபோனிலோ, தடுக்கவேண்டிய எண்களை ஏறுவரிசையில் முன்கூட்டியே ஒப்படைப்பதோடு செயலியின் வேலை முடிகிறது, ஒப்புநோக்குவது இயங்குதளமே. அழைப்புப் பதிவுகளை ஆணையத்தின் செயலிக்குத் திறந்துவிட அந்தரங்கத்தைக் காரணங்காட்டி ஆப்பிள் நிறுவனம் மறுத்தது. பிரஜைகளின் புகார் உரிமையே மேலானதாகையால், ஆணையம் 2018 ஜூலையில் கண்டிப்பான விதி இயற்றியது நியாயமே. அவ்வாண்டின் இறுதியில் செயலி ஐபோனுக்கும் வந்தது. ஸ்டாக்ஹோமில் 2009இல் தோன்றிய ட்ரூகாலர் போன்ற தனியார் செயலிகள் பயனர்களின் புகார்களைத் திரட்டி எச்சரிக்கின்றன. தண்டிக்கும் அதிகாரமோ அவற்றுக்கு இல்லை.

தற்கால நிலை: 2025 ஜனவரியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை சஞ்சார் சாத்தி செயலியை வெளியிட்டது; அடுத்த மாதம் ஆணையம் தன் விதிகளில் செய்த திருத்தம் புகார் செய்யும் அவகாசத்தை 3 நாள்களிலிருந்து 7 நாள்களாக நீட்டித்தது.