மதுரையில் நாய்க்கடி: உள்ளாட்சியின் கடமையும் வளர்ப்போர் பொறுப்பும்

மதுரை மாநகரிலும் அதைச் சுற்றிய சமவெளி ஊர்களிலும் நாய்க்கடி மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கும் விவகாரம். கடிபட்டவருக்கு ஊசி போடுவது அரசு இராசாசி மருத்துவமனையும் ஆரம்ப சுகாதார நிலையங்களும். தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்வது மாநகராட்சி. நகருக்கு வெளியே திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி நகராட்சிகளும், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் போன்ற பேரூராட்சிகளும், அதற்கப்பால் கிராம ஊராட்சிகளும். நாய்க்கு உடையவர் ஒருவர் இருந்து அவர்மேல் புகார் எழுந்தால் அது காவல் நிலையத்தின் பாடு. ஊசி தவறாமல் போடப்படுகிறது. நாய் வண்டியும் அவ்வப்போது வருகிறது. ஆனால் கடித்த நாய் எது, யார் வீட்டுச் சோற்றில் வளர்வது, பத்து நாள் கழித்து உயிரோடு இருக்கிறதா என்று தேடிப் போய்ப் பார்க்கும் வேலை மூவரில் ஒருவருக்கும் முழுதாக இல்லை. இந்த இடைவெளிதான் நாய்க்கடி நிர்வாகத்தின் முதன்மைக் குறை. ஊரில் எத்தனை நாய் என்ற கணக்கிலிருந்து தொடங்காமல், நேர்ந்த ஒவ்வொரு கடியிலிருந்தும் தொடங்கினால் உள்ளாட்சியின் வேலையும் வளர்ப்பவரின் பொறுப்பும் ஒரே கோட்டில் வந்து நிற்கும்.

நாய்களைக் கொன்று தீர்ப்பதே நெடுங்காலம் நகராட்சிகளின் வழக்கமாக இருந்தது. சென்னை மாநகராட்சி 1996-இல் அதைக் கைவிட்டு, கருத்தடை செய்து தடுப்பூசி போடும் முறைக்கு மாறியது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001-இல் வந்த நாய்கள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் அதை நாடு முழுவதற்குமான நெறியாக்கின. அவற்றின் இடத்தில் 2023 மார்ச்சில் புதிய விதிகள் வந்தன. பிடித்த நாயைக் கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது சாரம். மதுரையில் செல்லூரிலும் வெள்ளைக்கல்லிலும் இதற்கான மையங்கள் உண்டு. திரும்பி வந்த நாயைக் காதைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். நுனியில் சிறு வெட்டு இருக்கும். அந்த வெட்டு சொல்வது குட்டி போடாது என்பதை மட்டுமே; கடிக்காது என்று அது உறுதி தரவில்லை. கருத்தடையின் பயன் ஆண்டுக்கணக்கில்தான் தெரியும். மனித உயிரை உடனே காப்பது தடுப்பூசி. ஒரு வட்டாரத்து நாய்களில் நூற்றுக்கு 70-க்குத் தொடர்ந்து ஊசி போட்டு வந்தால் ரேபிஸ் பரவும் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். கோவா மாநிலம் வீடு வீடாக, தெருத் தெருவாக ஊசி போட்டு, மூன்றாண்டுகள் மனித ரேபிஸ் மரணமே இல்லாத நிலையில் 2021-இல் தன்னை ரேபிஸ் கட்டுக்குள் வந்த பகுதியாக அறிவித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 2024-இல் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.8 லட்சம், அவ்வாண்டு நாடு முழுவதும் 37 லட்சத்துக்கு மேல்.

இந்த எண்களைக் கேட்டதும், கடிப்பவை தெருநாய்கள்தானே, வீட்டில் வளர்ப்பவரை ஏன் இழுக்க வேண்டும் என்ற மறுப்பு எழும். மதுரைச் சமவெளியில் வீட்டு நாய், தெருநாய் என்ற பிரிவே அவ்வளவு தெளிவானதன்று. 2001 விதிகள் நாய்களை அந்த இரண்டே வகையாகத்தான் பிரித்தன. ஊரிலோ மூன்றாவது வகை ஒன்று உண்டு. காலையில் ஒரு வீட்டு வாசலில் பழைய சோறு தின்னும், அந்த வீட்டார் வைத்த பெயருக்கு வாலாட்டும், இரவில் தெருமுனையில் படுத்து வருகிற இருசக்கர வாகனங்களைத் துரத்தும். கழுத்துப்பட்டை இல்லை, ஊசி இல்லை, உரிமம் இல்லை. கடிக்கும்வரை ‘எங்க மணி’. கடித்துவிட்டால் ‘அது தெருநாய்ங்க’. 2011-இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும் பல ஊராட்சிகளும் மாநகராட்சியோடு சேர்ந்து வார்டுகள் 72-லிருந்து 100 ஆனபோது, தோட்டத்தையும் ஆட்டுக்கிடையையும் காத்துவந்த நாய்கள் ஒரே அரசாணையில் மாநகர நாய்களாயின. காவல் நாய் வளர்ப்பில் இப்பகுதிக்கு நீண்ட மரபு உண்டு. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று தென்மாவட்ட ஊர்ப்பெயர்களே நாயினப் பெயர்களாக நிலைத்துவிட்டன. அந்நியரைக் கண்டால் பாய்வதற்கென்றே பழக்கிய நாயை வீடுகள் நெருங்கிய சந்தில் அவிழ்த்துவிட்டால், கடித்தது நாயின் குற்றம் ஆகாது.

வளர்ப்பவரின் பொறுப்பு சட்டத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டதுதான். இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்துதல், தடுப்பூசி, கருத்தடை, உரிமம் நான்கும் உடையவர் கடமை என்று 2001 விதிகளே சொல்லின. தன்வசமுள்ள விலங்கால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வராமல் காக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம்வரை சிறையோ, 5,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தில் அந்த அபராதம் 1,000 ரூபாய்தான். சென்னை ஆயிரம்விளக்குப் பூங்காவில் 2024 மே மாதம் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறிய பிறகுதான் வளர்ப்பு நாய் உரிமத்தில் அந்த மாநகராட்சி உண்மையான கெடுபிடி காட்டியது. ஒரு குழந்தை குதறப்பட்ட பிறகு உயிர்பெறும் விதியை விதி என்று சொல்ல வாய் வரவில்லை.

ஏழைகள் உரிமக் கட்டணத்துக்கு எங்கே போவார்கள் என்பது நியாயமான கேள்வி. ஆட்டுக்கிடைக்கு நாய் வைத்திருப்பவரையும் விலையுயர்ந்த அயலினத்தை மாடியில் வளர்ப்பவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கட்டணத்தை ஊசியோடு சேர்த்தால் சிக்கல் தீரும்: ஊசி போட்ட நாட்டு நாய்க்கு உரிமம் இலவசம், போடாத எந்த நாய்க்கும் அபராதம். உள்ளாட்சிக்கு வேண்டியது அந்த நாயின் பெயரும் ஊசித் தேதியும் உடையவர் கைபேசி எண்ணும், பணமன்று.

எல்லா நாயையும் பிடித்து அடைத்துவிடுங்கள் என்ற எதிர்முனைக் குரலும் வலுத்திருக்கிறது. தில்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்க உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2025 ஆகஸ்ட் 11 அன்று ஆணையிட்டது. பதினொரு நாளில் மூவர் அமர்வு அதைத் திருத்தி, ரேபிஸ் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றை ஊசி, கருத்தடைக்குப் பின் பழைய இடத்திலேயே விடச் சொன்னது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடித்த நாய்களை மட்டும் அங்கே திரும்ப விடக்கூடாது என்று நவம்பர் 7-இல் கூறியது. கடிபட்டவரின் கோபத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான நாய்களுக்கு வேளாவேளைக்குச் சோறும் மருத்துவமும் கொடுத்து ஆயுள் முழுக்க அடைத்துவைக்கும் செலவை, குப்பையையே அன்றாடம் அள்ளி முடிக்கத் திணறும் உள்ளாட்சிகள் தாங்கா. இறைச்சிக் கடைக் கழிவும் ஓட்டல் எச்சிலும் கிடக்கும் தெருவில் காலியான இடத்தை அடுத்த தெரு நாய் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஊசி போட்டிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பைரவர் வாகனம் என்று பிஸ்கட் போடுபவரும் சிந்திக்க வேண்டும். குழந்தைகள் விளையாடுமிடம், படிக்கட்டு, வாசல் ஆகியவற்றுக்குத் தள்ளி உணவிடும் இடத்தைக் குறிக்கச் சொல்கின்றன 2023 விதிகள்.

ஆளில்லை, பணமில்லை என்பது உள்ளாட்சியின் வழக்கமான விடை. கடியைப் பின்தொடர்வதற்குப் புதிய துறை வேண்டாம். மருத்துவமனைச் சீட்டில் கடி நேர்ந்த தெருவும் நாயின் அடையாளமும் எழுதப்பட்டு, அந்தத் தகவல் அன்றே வார்டு சுகாதார ஆய்வாளருக்குப் போனால் பாதி வேலை முடிந்தது. ஒரே தெருவிலிருந்து மாதத்தில் நாலு சீட்டு வந்தால் நாய் வண்டி எங்கே போக வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அலட்சியத்தின் விலையும் ஏறிவருகிறது: தெருவிலங்குகளால் நேரும் காயத்துக்கு அரசே பொறுப்பு என்று கூறிய பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம், நாய்க்கடியில் ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய் இழப்பீடு என்று 2023 நவம்பரில் கணக்கே வகுத்துத் தந்தது.

கடிபட்டவர் வீட்டில் முதலில் நடப்பதும் இந்த நிர்வாகத்தின் பகுதியே. மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்பும் பழக்கம் முற்றிலும் போய்விடவில்லை. செய்ய வேண்டியது, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவதும் அன்றே மருத்துவமனைக்குப் போவதும். தோலில் போடும் ஊசி முதல் நாளிலும், பின் 3, 7, 28-ஆம் நாள்களிலும். தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசி பழங்கதை. ஆழமான கடிக்கு இம்யூனோகுளோபுலினும் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்பட வேண்டும். நோய் வெளிப்பட்டபின் மருந்து இல்லை. ஊசியை நாய்க்காகக் காத்திருந்து தள்ளிப்போடக் கூடாது. அதே சமயம் நாயை அடித்துக் கொல்லவோ துரத்திவிடவோ கூடாது. கடித்த நாய் பத்தாம் நாளும் நலமாக இருந்தால், கடித்த வேளையில் அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இருந்திருக்காது.