கவுஞ்சியிலிருந்து கற்திட்டை வரை: நடக்க முடியாத ஒரு பழைய பாதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து தொகுத்து, வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

இந்த எபிசோட் ஒரு மெயில்ல இருந்து ஆரம்பிச்சது. சென்னையில ஐடி கம்பெனியில வேலை பார்க்கிற ஆறு பேர் எழுதியிருந்தாங்க: "மச்சு பிச்சுவுக்குப் போக காசில்ல. நம்ம ஊர்லயே மூணு நாள் கைடு வச்சு மலையில நடந்து, கடைசி நாள் பழங்காலச் சின்னங்கள்ல முடியற மாதிரி ஒரு பிளான் போட்டுத் தர முடியுமா?" கூடவே ஒரு மேப். கவுஞ்சியில ஆரம்பிச்சு மறையூர்ல முடியற ஒரு சிவப்புக் கோடு.

அந்தக் கோடு என்னை ரெண்டு வாரம் தூங்க விடல.

கவுஞ்சி எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: கொடைக்கானலிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். பூம்பாறை, மன்னவனூர் தாண்டிப் போகணும். படிக்கட்டு மாதிரி வெட்டின வயல்கள், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். பஸ் பிடித்துப் போகும் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலானோர் மன்னவனூர் ஏரியோடு திரும்பிவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் பூண்டி, கிளாவரை என்று சாலை குறுகிக்கொண்டே போய், மலையின் மேற்கு விளிம்பில் நின்றுவிடும். அங்கிருந்து பார்த்தால் தெரிவது கேரளம்.

மறையூரில் இருப்பவை கற்திட்டைகள். நான்கு பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்த அமைப்பு. சிலவற்றில் ஒரு பக்கக் கல்லில் வட்டமாக ஓட்டை இருக்கும். இரும்புக்காலத்தைச் சேர்ந்த ஈமச்சின்னங்கள் இவை. மறையூர்க்காரர்கள் 'முனியறை' என்பார்கள், முனிவர்கள் தங்கிய அறை. பழனி மலையில் 'குள்ளர் குகை', 'பாண்டவர் வீடு' என்பார்கள். யோசிச்சுப் பாருங்க, மூணு பேருமே அதை வீடுன்னுதான் நினைச்சிருக்காங்க. கட்டினவங்களோட ஞாபகம் அறுந்துபோன பிறகு, பின்னாடி வந்தவங்க கற்பனையில அங்க யாரையாவது குடி வைக்க வேண்டியிருந்திருக்கு.

இந்த மலையின் கற்திட்டைகளை முதன்முதலில் ஒழுங்காகத் தேடி, அளந்து, வரைந்து வைத்தவர்கள் இரண்டு பாதிரியார்கள், செண்பகனூர் சேசு சபைக் கல்லூரியைச் சேர்ந்த ஆங்லேடும் நியூட்டனும். அவர்களுடைய 'பழனி மலைக் கற்திட்டைகள்' என்ற நூலை 1928-ல் இந்தியத் தொல்லியல் துறை தன் ஆய்வு வரிசையில் 36-வது வெளியீடாகக் கொண்டுவந்தது. பெருமாள்மலை, மாச்சூர், பேத்துப்பாறை, தாண்டிக்குடி என்று காடும் பாறையுமாக நடந்து செய்த வேலை. நம்ம ஆறு பேர் கேட்கிற 'கைடு வைத்த பல நாள் நடை'யை நூறு வருஷத்துக்கு முன்னாடியே செஞ்சு முடிச்சவங்க. ஆனா வழி காட்டின மலைவாசிகளை நாம ஞாபகம் வச்சிருக்கோமா? பாதை தெரிஞ்சவங்க அவங்கதான். எனக்கு இது கொஞ்சம் உறுத்தலான விஷயம்.

இவங்களுக்கும் முன்னாடி, 1821-ல் வார்டு என்ற கம்பெனி சர்வேயர் இந்த மலையேறினார். அவருடைய அறிக்கை வராககிரி, கண்ணன் தேவன் என இரண்டு மலைகளையும் சேர்த்தே பேசுகிறது. வராககிரி என்றால் நம் பழனி மலை. கண்ணன் தேவன் என்றால் மூணாறு பக்கம். அதாவது நண்பர்கள் வரைந்த சிவப்புக் கோட்டின் இரண்டு முனைகளும் அவருக்கு ஒரே நிலப்பரப்பு.

சரி, அதைவிட ரொம்பப் பழைய கதைக்கு வருவோம். தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் குழு அகழாய்வு செய்து, 2005-ல் அறிக்கை வெளியிட்டது. மலை உச்சிக் கிராமத்தின் ஈமக்குழிகளில் சூதுபவள மணிகள் கிடைத்தன. பழனி மலையில் அந்தக் கல் கிடையாது, யாரோ சுமந்து கொண்டுவந்திருக்க வேண்டும். அதே ராஜன் 2009, 2010-ல் பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் பொருந்தலில் தோண்டினார். ஆயிரக்கணக்கில் கண்ணாடி மணிகள். ஒரு கல்லறையில் நான்கு கால் ஜாடி நிறைய நெல், கூடவே 'வயிர' என்று தமிழ் பிராமியில் எழுதிய புரிமணை. அந்த நெல்லின் காலம் பொ.ஆ.மு. 490 என்று கதிரியக்கக் கரிமச் சோதனை சொன்னது. தமிழ் எழுத்தின் வயது பற்றிய பெரிய விவாதத்தைக் கிளப்பிய நெல் அது.

இதையெல்லாம் மேப்ல வச்சுப் பாருங்க. அடிவாரத்துல மணி செய்யறாங்க, மலை மேல மணியோட புதைக்கிறாங்க, மலைக்கு அந்தப் பக்கம் மறையூர்லயும் அதே வகைக் கல்வீடு. நடுவுல பாதை இல்லாம இது நடந்திருக்காது. சங்கப் பாடல்கள்ல 'பதுக்கை' எங்க வருது தெரியுமா? பாலை நிலத்து வழியில. வழிப்பறியில செத்த பயணிகள் மேல கல்லைக் குவிச்சது. நம்ம மரபுல கல்லறையும் பயணமும் பக்கத்துப் பக்கத்துலயே இருந்திருக்கு.

அப்ப அந்தச் சிவப்புக் கோட்டுல நடந்துடலாமா? முடியாது. இதைச் சொல்லத்தான் ரெண்டு வாரம் தயங்கினேன்.

2013-லிருந்து இந்த மலைக் காடுகளின் பெரும்பகுதி கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். வடமேற்கே மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. அதைத் தாண்டினால் மாநில எல்லை. யானை, காட்டுமாடு இருக்கும் காட்டில் இரண்டு மாநில வனத்துறை அனுமதியும் இல்லாமல் 'நாங்க கூட்டிட்டுப் போறோம்' என்று யாராவது சொன்னால், அவர் கைடு இல்லை. 2018 மார்ச் 11, குரங்கணி. காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தார்கள். உங்களை மாதிரி வார இறுதிக்குக் கிளம்பி வந்தவங்கதான் அவங்களும். தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் வந்தது அதற்குப் பிறகுதான். 2024-ல் வனத்துறை 40 பாதைகளை இணையவழிப் பதிவுக்குத் திறந்தது. அவற்றில் கூட வருபவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர், பழங்குடி இளைஞர்கள். கவுஞ்சி–மறையூர் அந்தப் பட்டியலில் இல்லை.

அதனால நான் போட்ட பிளான் இது. முதல் நாள் செண்பகனூர் அருங்காட்சியகம், அப்புறம் பஸ்ல கவுஞ்சி. ரெண்டாவது நாள் ஊர்க்காரர் ஒருத்தரை நியாயமான கூலிக்கு வச்சுக்கிட்டு, சாலையையும் வயல் வரப்பையும் விடாம பூண்டி, கிளாவரை வரைக்கும் நடை. மூணாவது நாள் தாண்டிக்குடி. மறையூரை இன்னொரு பயணமா வச்சுக்கோங்க. வரைபடத்துல கிட்டத்துல இருந்தாலும், பழனி, உடுமலை, சின்னாறுன்னு சுத்தினா 100 கிலோமீட்டருக்கு மேல. தீக்காலத்துல, அதாவது பிப்ரவரி கடைசியிலிருந்து, காட்டுப் பக்கமே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில அட்டையும் மண்சரிவும். ஜனவரிதான் தோது.

கற்திட்டைகள் சரியா எந்த இடத்துலன்னு கேட்டு மூணு மெயில் வந்தது. சொல்லல. புதையல் இருக்கும்னு தோண்டினதும், வேலிக்கும் சுவருக்கும் பலகைக்கல்லைப் பெயர்த்ததும் போக மிச்சம்தான் இப்ப நிக்கிறது. எனக்கு வந்த ஒரு விளம்பரப் படத்துல மூடுகல்லு மேல ஆறு பேர் ஏறி நின்னு போஸ் கொடுக்கறாங்க. அது சவக்குழி, நண்பர்களே. தாண்டிக்குடியில ஊர்ப் பெரியவங்ககிட்ட கேளுங்க, அவங்களுக்கு விருப்பமிருந்தா கூட்டிட்டுப் போவாங்க.

அந்த ஆறு பேர்ல நாலு பேர் ஜனவரிக்கு டிக்கெட் போட்டுட்டாங்க. ரெண்டு பேருக்கு என் மேல கோபம். போயிட்டு வந்தவங்க பேசறதை அடுத்த எபிசோட்ல கேட்கலாம்.