பாடசாலை திறந்த தொழிற்சாலை

வேலையற்ற இளைஞனிடம், "நீயே ஒரு தொழிலைத் தொடங்கு" என்று உபதேசித்தல் எளிது. முதலுக்கு எங்கே போவது, கைத்திறனை யார் கற்பிப்பது, நட்டம் வந்தால் யார் தாங்குவது என்னும் வினாக்களுக்கு உபதேசிகள் விடை கூறுவதில்லை. அவ்விடையை வரலாற்றில் தேடுவோர், ஸ்பெயின் நாட்டின் வடபாலுள்ள பாஸ்க் பிரதேசத்து மொன்ட்றகோன் என்னும் சிற்றூரை நோக்குதல் தகும்.

1939இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது பிராங்கோவின் சர்வாதிகாரம் வென்றது. தோல்வியுற்ற தரப்பினர் நிறைந்த அவ்வூரை வறுமை வாட்டியது. 1941இல் அங்கு வந்த இளம் பாதிரியார் அரிஸ்மென்டியரியேற்றா முதலில் ஆலை எதனையும் எழுப்பினாரல்லர். ஊரவரின் உதவியுடன் 1943இல் ஒரு தொழிற்கல்விப் பாடசாலையையே தொடங்கினார். அங்கு பயின்று, பின் பொறியியல் கற்றுத் தேறிய ஐவர், 1956இல் மண்ணெண்ணெய் அடுப்புச் செய்யும் உல்கோர் தொழிற்சாலையை நிறுவினர். ஊரவர் தம் சேமிப்பைக் கடனாகக் கொடுத்தனர்.

தொழிலாளியே உரிமையாளன், ஆளுக்கு ஒரு வாக்கு என்பது அவ்வியக்கத்தின் நெறியாக நிலைபெற்றது. ஆகக் கூடிய ஊதியம் ஆகக் குறைந்ததன் மும்மடங்கை மிஞ்சலாகாது எனத் தொடக்கத்தில் விதித்தனர். 1959இல் மக்களின் சேமிப்பைத் திரட்டும் கூட்டுறவு வங்கியும் எழுந்தது. அச்சேமிப்பு புதிய கூட்டுறவுகளுக்கு முதலாயிற்று. அக்கூட்டுறவுகள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலையாயின.

இதனை மாசற்ற கதையென்று கொள்வது தவறு. 1974இல் உல்கோரில் வேலை மதிப்பீட்டு முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தோரில் 17 பேர் வெளியேற்றப்பட்டனர். பிற்காலத்தில் அயல்நாடுகளில் நிறுவப்பெற்ற ஆலைகளிலே தொழிலாளர் பெரும்பாலும் பங்காளராகவில்லை, கூலியாட்களாகவே இருந்தனர்.

2013இல், உல்கோரின் வழிவந்த பாகோர் வீட்டுச் சாதன நிறுவனம் முறிந்தது. அதன் அங்கத்தவர் பலருக்குச் சகோதரக் கூட்டுறவுகள் வேலை கொடுத்தன. அதே நிறுவனத்தின் போலந்து ஆலையிற் கூலிக்கு உழைத்தோருக்கோ அக்கதவு திறக்கவில்லை. உடைமையிற் பங்கு பெற்றவன் வீழ்ச்சியிலும் துணை பெற்றான். பங்கற்றவன் தனித்து நின்றான். இவ்வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே.

ஆகவே ஆசிரியர்களாகிய நாம், "வேலை தேடாதே, வேலை கொடு" என்று மாணவனுக்குக் கூறுமுன், திறன் தரும் பாடசாலையும், முதல் தரும் பொதுச் சேமிப்பும், வீழ்ந்தால் தாங்கும் தோழரும் அவனுக்கு உண்டா என்று கேட்போமாக. இம்மூன்றும் இல்லாதவிடத்து அவ்வுபதேசம், சமுதாயம் சுமக்கவேண்டிய பாரத்தை ஓர் இளைஞனின் தலையில் இறக்கிவைப்பதே அன்றி வேறன்று.