நீலகிரியில் 1960களின் இசைத்தட்டுகள்

1960களின் சிறு இசைத்தட்டுகளை அவை செய்யப்பட்ட பொருளை வைத்து அரக்குத் தட்டு, வினைல் தட்டு, ஸ்டைரீன் தட்டு என மூன்றாகப் பிரிக்கலாம். முதல் இரண்டும் இந்தியாவில் அச்சிடப்பட்டவை. மூன்றாவது பெரும்பாலும் அமெரிக்காவில் உருவானது. பழைய தட்டுகளைச் சேர்ப்போர் பொதுவாகப் பாடலையும் பாடகரையும் தேடுவர். நீலகிரி போன்ற மலை மாவட்டத்தில், ஒரு தட்டு எந்தப் பொருளால் ஆனது, யார் வீட்டில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அக்காலத்தில் மின்சாரமும் இசையும் யாருக்கு எட்டின என்பதை ஓரளவு அறியலாம்.

அரக்கிலிருந்து வினைலுக்கு

இந்தியாவில் இசைத்தட்டு உற்பத்தி 1908இல் கொல்கத்தாவின் சியால்டாவில் கிராமபோன் கம்பெனி அமைத்த ஆலையில் தொடங்கியது. 1920களின் இறுதியில் அது டம்டம்முக்கு மாறியது. அன்றைய தட்டுகளின் முக்கிய மூலப்பொருளான அரக்கு, சோட்டா நாக்பூர் பகுதிக் காடுகளில் அரக்குப் பூச்சியிலிருந்து பெறப்பட்டது. இத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். பத்து அங்குலத் தட்டில் பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடப் பாடல் ஒன்று அடங்கும். கீழே விழுந்தால் உடைந்துவிடும்.

அமெரிக்காவில் 1948இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுழற்சி கொண்ட நெடுந்தட்டையும், 1949இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் ஏழு அங்குலமுள்ள 45 சுழற்சித் தட்டையும் வெளியிட்டன. பிரிட்டனில் 1960ஐ ஒட்டி 78 சுழற்சித் தட்டுகள் வழக்கொழிந்தன. இந்தியாவிலோ அவை 1960களிலும் நீடித்தன. பக்கத்துக்கு இரண்டு பாடல் வீதம் நான்கு திரைப்பாடல்கள் கொண்ட 45 சுழற்சி வினைல் தட்டுகளும் அதே காலத்தில் பரவின. பீட்டில்ஸ் குழுவின் சில பாடல்கள் 1960களின் நடுப்பகுதியில் இந்தியாவில் 78 சுழற்சித் தட்டுகளாக அச்சிடப்பட்டன. அக்குழுவின் சொந்த நாட்டில் அவை அந்த வடிவில் விற்பனைக்கு வரவில்லை. இன்று உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் அந்த இந்தியத் தட்டுகளைத் தேடுவதற்கு இதுவே காரணம்.

மின்சாரமும் சாவிப் பெட்டியும்

பழைய வடிவம் இந்தியாவில் நீடித்ததற்கு மின்சாரமே முதற்காரணம். 78 சுழற்சித் தட்டைக் கையால் சாவி கொடுத்து முறுக்கும் கிராமபோனில் போடலாம். அதற்கு மின் இணைப்போ ஒலிபெருக்கியோ தேவையில்லை. 45 சுழற்சித் தட்டின் பள்ளங்கள் மிக நுண்ணியவை. அதற்கான ஊசியின் முனை ஏறத்தாழ 0.025 மில்லிமீட்டர் பருமன் கொண்டது. 78 சுழற்சித் தட்டுக்கான ஊசிமுனையோ 0.07 மில்லிமீட்டரை ஒட்டியது. கிராமபோனின் கனத்த எஃகு ஊசியை வினைல் தட்டின் மீது வைத்தால் பள்ளங்கள் ஒரே முறையில் கெட்டுவிடும். எனவே வினைல் தட்டு வாங்குபவருக்கு ரெக்கார்டு பிளேயரும் வேண்டும். அதை இயக்க மின்வசதியும் வேண்டும்.

இதில் நீலகிரியின் நிலை முரணானது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கி, கோயம்புத்தூர் ஆலைகளுக்கு மின்சாரம் தந்தது. கனடாவின் உதவியுடன் உருவான குந்தா திட்டத்தின் மின் நிலையங்கள் 1960களில் செயல்பட்டன. தோட்ட பங்களாக்களிலும் மன்றங்களிலும் மின்விளக்கு எரிந்த காலத்தில், தொழிலாளர்களின் லயன் வீடுகள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. இரண்டுக்கும் இடையே சில நூறு அடி தூரம்தான் இருக்கும்.

லயன் வீடுகளில் வாழ்ந்தோர் இசைத்தட்டுப் பாடலைப் பெரும்பாலும் பொது இடங்களிலேயே கேட்டனர். திருமணம், மாரியம்மன் திருவிழா, தேர்தல் கூட்டம் ஆகியவற்றுக்கு வாடகை மைக் செட் வரும். மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி வழியாகப் பாட்டு பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். 1966இல் வெளியான 'அன்பே வா' திரைப்படத்தின் காட்சிகள் சிம்லாவிலும் உதகையிலும் எடுக்கப்பட்டன. அதைத் தயாரித்த ஏவி.எம். நிறுவனத்தைத் தொடங்கிய ஏ. வி. மெய்யப்பன், திரைத்துறைக்கு வருமுன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் இசைத்தட்டு வணிகம் செய்தவர்.

ஸ்டைரீன் தட்டு

வினைல் தட்டு, சூடாக்கிய பொருளை இரு அச்சுகளுக்கு இடையே அழுத்திச் செய்யப்படுவது. ஸ்டைரீன் தட்டு, உருகிய பாலிஸ்டைரீனை அச்சுக்குள் பீய்ச்சிச் செய்யப்படுவது. இம்முறையில் உற்பத்தி விரைவாக நடக்கும் என்பதால் 1960களில் அமெரிக்க ஆலைகள் சில இதைப் பின்பற்றின. வினைல் தட்டில் லேபிள் தட்டோடு சேர்ந்தே அழுத்தப்படும். ஸ்டைரீனில் அது பின்னர் ஒட்டப்படுவதால் காலப்போக்கில் பிரிந்துவரக்கூடும். அமெரிக்க 45 சுழற்சித் தட்டின் நடுத்துளை ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். இந்தியத் தட்டுகளில் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர். தேய்ந்த ஊசியால் ஸ்டைரீன் விரைவில் கெட்டு, பாடலோடு இரைச்சலும் கேட்கத் தொடங்கும்.

நீலகிரியில் இத்தகைய தட்டு கிடைத்தால் அது யாரோ ஒருவரின் பெட்டியில் வந்தது என்று கொள்ளலாம். வெலிங்டன் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் வெளிநாட்டு அதிகாரிகளும் பயின்றுள்ளனர். மலையில் உறைவிடப் பள்ளிகளும் தோட்ட மேலாளர் குடும்பங்களும் இருந்தன. இவற்றில் எந்த வழியில் வந்தது என்பதை, தட்டு கிடைத்த வீடும் உறையில் எழுதிய பெயருமே சொல்ல முடியும்.

பாதுகாத்தல்

சமவெளியில் வினைல் தட்டுக்கு வெயில் பகை. சூட்டில் அது வளைந்துவிடும். மலையின் குளிர்ச்சி இந்தத் தொல்லையைக் குறைக்கிறது. அங்கு ஈரமே பெரிய சிக்கல். கூடலூரில் தென்மேற்குப் பருவமழையும், குன்னூரில் வடகிழக்குப் பருவமழையும் காகித உறைகளையும் லேபிள்களையும் ஈரமாக்கிப் பூஞ்சை பிடிக்கச் செய்கின்றன. தட்டுகளைச் சுவரை ஒட்டாமல், செங்குத்தாக நிறுத்தி, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த திரவத்தால் துடைக்கக்கூடாது. அரக்கு அதில் கரையும். பூஞ்சை பிடித்த உறையை எறிந்துவிடாமல் உலர்த்தித் தனியே வைப்பது நல்லது.

சேகரிப்பின் பயன்

சென்னையைச் சேர்ந்த வி. ஏ. கே. ரங்காராவ் பல்லாயிரம் 78 சுழற்சித் தட்டுகளைச் சேர்த்தவர். தட்டுகளை ஆதாரமாகக் கொண்டு திரையிசை குறித்து எழுதியவர். லேபிளில் உள்ள வரிசை எண்ணும், கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் இடையே பொறித்த அச்சு எண்ணும் பதிவின் காலத்தை அறிய உதவுகின்றன.

மைக் செட்டில் தேய்ந்த தட்டுகளைச் சேகரிப்பாளர்கள் பொதுவாக ஒதுக்குவர். லேபிளில் வாடகை நிலையத்தின் பெயரும் எண்ணும் மையால் எழுதியிருந்தால் விலை இன்னும் குறையும். ஆனால் எந்த ஊரில் எந்தப் பாட்டு ஒலித்தது என்பதற்கு அந்த மை எழுத்தே சான்று. பழைய தட்டுகள் கைமாறும்போது இத்தகைய செய்திகளே முதலில் அழிகின்றன. தட்டைப் பெறும்போதே கிடைத்த ஊர், முன்பு வைத்திருந்தவரின் தொழில், அவர் பயன்படுத்திய கருவி ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து உறைக்குள் வைத்தால், பின்னர் வரும் மாணவர் அதை வரலாற்று ஆவணமாகப் பயன்படுத்த முடியும்.