‘முன் அனுமதி பெற்று’ - ஒரு வாக்கியத்தின் கதை

மலர்க் குழு நண்பர் போன் செய்து, “நீ ஏதாவது எழுதிக் கொடு. கேன்டீன், கட் அடிச்சது, அது மாதிரி” என்றார். கேன்டீன் பற்றி எப்படியும் பத்துப் பேர் எழுதியிருப்பார்கள். நான் எழுத நினைத்தது மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த அறிவிப்புப் பலகையைப் பற்றி. அதில் என் கடன் ஒன்று பாக்கி இருக்கிறது.

2011-ல் நாங்கள் மூன்றாம் ஆண்டு. ஹாஸ்டல் மெஸ் கணக்கைப் பற்றி ஒரு சுவர்ப் பத்திரிகை தயாரித்தோம். அவதூறு எதுவும் இல்லை. காய்கறிக்கு என்ன செலவு, மாதம் எவ்வளவு வசூல் என்று கேள்விதான். விஷயத்தை எழுதியவன் நான். என் கையெழுத்து எனக்கே புரியாது என்பதால் சார்ட் பேப்பரில் அழகாக எழுதியது என் ரூம் நண்பன். காலை ஒன்பதுக்கு ஒட்டினோம், மதியச் சாப்பாட்டுக்கு முன் கிழித்துவிட்டார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார்கள், அதாவது அவனை. ‘முன் அனுமதி பெறாமல் வளாகத்தில் எந்த அறிவிப்பும் ஒட்டக்கூடாது’ என்ற விதியைக் காட்டினார்கள். விழுப்புரம் பக்கத்திலிருந்து அவன் அப்பா பஸ் பிடித்து வந்தார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தான். என் பெயரை அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த ‘முன் அனுமதி’ எங்கிருந்து வந்தது என்று பிறகு எனக்கு ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. கட்டுமான வேலையில் இருப்பவன் நான். ஒரு ஸ்பெசிஃபிகேஷனில் விசித்திரமான ஒரு ஷரத்து இருந்தால், பழைய எந்த டெண்டரிலிருந்து அதைக் காப்பி அடித்தார்கள் என்று தேடுவது தொழில் புத்தி. தேடியதில் கிடைத்ததைச் சொல்கிறேன்.

மாணவர் வாயை அடக்கும் அரசாங்கச் சுற்றறிக்கைகளில் பேர்போனது 1905 அக்டோபரில் வங்காளத்தில் வந்தது. வங்கப் பிரிவினை எதிர்ப்பில் பையன்கள் தெருவுக்கு வந்தபோது, கார்லைல் என்ற அதிகாரி, மாணவர்கள் அரசியலில் இறங்கினால் அந்தப் பள்ளிக்கு, கல்லூரிக்கு மானியம் கிடையாது என்று எழுதினார். 1907 மே 6-ஆம் தேதி இந்திய அரசின் உள்துறைச் செயலர் ரிஸ்லி இதையே எல்லா மாகாணங்களுக்கும் விரித்தார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. தண்டனை நேராகப் பையனுக்கு அல்ல, கல்லூரிக்கு. மானியம் போகும், அங்கீகாரம் போகும் என்று நிர்வாகத்தைப் பயமுறுத்தினால் போதும். மீதியை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். போலீஸ்காரர் வேலையைப் பிரின்சிபால் தலையில் கட்டிய அந்த ஏற்பாடு, என் கருத்தில், இன்றுவரை கலையவில்லை.

நம் சென்னை மாகாணத்தில் அதற்கு முந்தைய மாதமே ஒரு வெள்ளோட்டம் நடந்துவிட்டது. பிபின் சந்திர பாலர் ராஜமுந்திரிக்கு வந்து பேசிவிட்டுப் போனார். அங்கே அரசுக் கல்லூரி மாணவர்கள் ‘வந்தே மாதரம்’ பேட்ஜ் குத்திக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள். முதல்வர் மார்க் ஹண்டர் அவர்களை நீக்கினார். அவர்களில் ஒருவரான காடிசர்ல ஹரிசர்வோத்தம ராவ் பின்னாளில் ஆந்திரத்தில் நூலக இயக்கத்தின் பெரிய மனிதரானார். சட்டையில் ஒரு துண்டுத் துணி, அவ்வளவுதான் குற்றம். அறுபத்திரண்டு வருடம் கழித்து, 1969-ல், வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டிய பள்ளிப் பிள்ளைகள் வழக்கில், படிப்பு கெடாதவரை அதைத் தடுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் உச்ச நீதிமன்றமும் 1986-ல், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றும் மத நம்பிக்கையால் பாடாமல் இருந்த மூன்று கேரளக் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று தீர்ப்பளித்தது.

பாலர் அந்த 1907 மே மாதம் சென்னைக் கடற்கரையிலும் பேசினார். வரவழைத்தவர்களில் முக்கியமானவர் பாரதி. இங்கே ஒரு மயிலாப்பூர் சமாச்சாரத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதி. பாரதியின் தீவிர அரசியல் அவருக்கு ஆகவே ஆகாது. ஆனாலும் பாரதியின் பாட்டுகளைக் கேட்டு மனம் உருகி, தன் செலவில் அச்சடித்து இலவசமாக விநியோகிக்கச் செய்தார். சுற்றறிக்கை காலத்தில் சுற்றறிக்கை இல்லாமல் ஒருவர் நடந்துகொண்ட விதம் இது.

சரி, 1965-க்கு வருவோம். எங்கள் வீட்டில் அந்த வருடம் பெரியப்பாவின் வருடம். மயிலாப்பூரில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தார், வீடு தி.நகர். ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி. ஆங்கிலமும் தொடரலாம் என்று 1963 சட்டம் சொன்னாலும், அந்த ‘லாம்’தான் பிரச்னை. ஜனவரி 25-ஆம் தேதி மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மோதல் ஏற்பட, மாகாணம் முழுக்கத் தீ. கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன் அடுத்தடுத்த நாட்களில் தீக்குளித்தார்கள். 27-ஆம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். சென்னையில் மாணவர்கள் பெருங்கூட்டமாக நேப்பியர் பூங்காவிலிருந்து, அதாவது இன்றைய மே தினப் பூங்காவிலிருந்து, கோட்டைக்கு மனு கொண்டு நடந்தார்கள்.

பெரியப்பாவும் நடந்தார். “கோஷம் போட்டுத் தொண்டை கட்டிப்போச்சுடா, அவ்வளவுதான் என் தியாகம்” என்பார். திரும்பிவர பஸ் கிடையாது, தி.நகர்வரை நடை. பக்தவத்சலம் அரசு பள்ளி, கல்லூரிகளை மூடியது. அதைப் பற்றி அவர் சொன்னதுதான் என் மனதில் நின்றது: “மெட்ராஸ்ல நாலு தெருவுல இருந்த பசங்களை, ஹாஸ்டலை மூடி ஊருக்கு அனுப்பினான். அவன் ஊர்ல போய் ஆரம்பிச்சான். டிக்கெட் செலவு மட்டும் எங்களுது.” கலவரம் கிட்டத்தட்ட இரண்டு மாதம் நீடித்தது. இறந்தவர்கள் அரசுக் கணக்கில் சுமார் 70. நிஜக் கணக்கு அதைவிட மிக அதிகம் என்பவர்கள் உண்டு. பஸ் எரிந்ததும் போலீஸ்காரர்கள் எரிக்கப்பட்டதும் அந்த வரலாற்றில் சேர்த்திதான். பெரியப்பா அந்தப் பக்கத்தையும் மறைக்க மாட்டார். 1967 தேர்தலில் காமராஜரை விருதுநகரில் தோற்கடித்தது மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன்.

அதே சமயத்தில் உலகத்தின் மறு கோடியில் வேறு மாதிரி ஒரு முடிவு எடுக்கப்பட்டது. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக வாசலில் மேஜை போட்டு அரசியல் துண்டுப்பிரசுரம் கொடுப்பதை 1964 செப்டம்பரில் நிர்வாகம் தடுத்தது. மூன்று மாதம் ரகளை, நூற்றுக்கணக்கில் கைது. டிசம்பர் 8-ஆம் தேதி ஆசிரியர் சபை 824-க்கு 115 என்ற வாக்கில் தீர்மானம் போட்டது. என்ன பேசுகிறான் என்பதில் பல்கலைக்கழகம் தலையிடாது. எந்த நேரம், எந்த இடம், எப்படி என்பதற்கு மட்டும் நியாயமான விதி இருக்கலாம். ஆசிரியர்களே மாணவர் பக்கம் நின்று விதியை எழுதினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். நம் ஊரில் அந்த வருடங்களில் விதி எழுதும் மேஜையில் ஆசிரியருக்கும் நாற்காலி இல்லை.

மாணவர் கிளர்ச்சியில் ஏறி ஆட்சிக்கு வந்தவர்கள் மாற்றி எழுதினார்களா என்றால், அதுவும் இல்லை. 1971-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முதலமைச்சர் கருணாநிதிக்கு டாக்டர் பட்டம் கொடுத்தபோது எதிர்த்த மாணவர்கள் மேல் தடியடி. உதயகுமார் என்ற மாணவரின் உடல் குளத்தில் கிடைத்தது. விசாரணைக் கமிஷன் வைத்தும் சர்ச்சை ஓயவில்லை.

இதுவரை படித்தவர்கள், நான் மாணவர் கட்சி என்று முடிவு கட்டியிருப்பீர்கள். 2008 நவம்பர் 12-ஐயும் கேளுங்கள். உயர் நீதிமன்றத்தை ஒட்டியிருந்த டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. தேவர் ஜெயந்திக்கு அச்சடித்த நோட்டீசில் கல்லூரிப் பெயரில் அம்பேத்கர் பெயரை விட்டுவிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்த பகை, மாணவர்கள் கட்டையும் கத்தியுமாக ஒருவரையொருவர் அடித்துச் சாய்ப்பதில் முடிந்தது. தமிழ்நாடே டி.வி.யில் பார்த்தது. கேட்டில் போலீஸ் நின்றுகொண்டே இருந்தது. கல்லூரி முதல்வர் அழைக்காமல் உள்ளே போக முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். முன் அனுமதி! ஒட்டவேண்டிய காகிதத்துக்கும் அனுமதி, ஒருவன் உயிரைக் காப்பாற்றவும் அனுமதி. அடிபட்டவன் தரையில் கிடக்கும்போது அனுமதி கேட்க விதி எதற்கு? கல்லூரி முதல்வர் மேலும் போலீஸ் அதிகாரிகள் மேலும் நடவடிக்கை வந்தது. நீதிபதி சண்முகம் கமிஷன், கல்லூரியையே அங்கிருந்து மாற்றச் சொன்னது. 2018-ல் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைபெரும்புதூருக்கும் பிரிந்து போனது. ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டால் ஒழுங்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை நமக்கு எப்போதும் உண்டு.

அப்படிப்பட்ட நோட்டீசை முன்கூட்டியே பார்க்க ஒருவர் வேண்டாமா என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் பிற்பாடு என்னிடம் கேட்டார். கேள்வி நியாயம். பெயரை விட்டது தெரிந்து திருத்தியிருந்தால் ரத்தம் மிச்சமாகியிருக்கலாம். எனக்கு உடனே பதில் வரவில்லை.

மாணவர் தேர்தலுக்கு லிங்டோ கமிட்டி சொன்ன விதிகளை உச்ச நீதிமன்றம் 2006-ல் அமல்படுத்தியது. செலவு 5,000 ரூபாய்க்கு மேல் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியது மட்டும், அதுவும் குறித்த இடத்தில் மட்டும். பணமும் அடியாளும் புகாமல் தடுக்க இது நல்ல ஏற்பாடு. இடத்தைச் சொல்கிறது, முறையைச் சொல்கிறது. பெர்க்லிக்கு நாற்பது வருடம் தாமதமாக வந்த சொந்தம் என்று சொல்லலாம். தேர்தலே இல்லாத கல்லூரிகளில் என்ன பிரயோஜனம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கடைசியாக நமக்குப் பக்கத்து வீட்டுக் கதை. மத்திய கைலாஷ் சிக்னலில் பஸ் மாறியவர்களுக்கு ஐ.ஐ.டி. கேட் தெரியும். 2014 ஏப்ரல் 14-ல் அங்கே அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் தொடங்கினார்கள். மறு வருடம் யாரோ பெயர் போடாமல் மத்திய மனிதவள அமைச்சகத்துக்குக் கடிதம் எழுத, அமைச்சகம் கருத்துக் கேட்டு ஐ.ஐ.டி.க்கு அனுப்ப, 2015 மே 22-ஆம் தேதி வட்டத்தின் அங்கீகாரம் ரத்து என்று ஒரு ஈமெயில். காரணம், சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தியது. மாணவர் குழுக்கள் அனுமதியில்லாமல் நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்பது அங்கே உள்ள வழிகாட்டு நெறி. மொட்டைக் கடிதம் எழுத யாரிடமும் முன் அனுமதி வாங்கவேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். தங்களை விசாரிக்கவே இல்லை என்று மாணவர்கள் சொன்னார்கள். சர்தார் பட்டேல் ரோட்டில் தினமும் ஆர்ப்பாட்டம், கைது. நான் அப்போது சைட்டுக்கு அந்த வழியாகத்தான் போவேன். வேன் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. பேச்சுவார்த்தைக்குப் பின் ஜூன் 7-ல் அங்கீகாரம் திரும்பி வந்தது. பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளில் அந்த வட்டத்தின் பெயர் இந்தியா முழுக்கத் தெரிந்துபோனது.

இப்போது பேராசிரியர் கேள்விக்கு எனக்குத் தெரிந்த தொழில் பாஷையில் பதில் சொல்லிப் பார்க்கிறேன். சைட்டில் டிராயிங் அப்ரூவல் என்று ஒன்று உண்டு. அனுமதி இல்லாமல் கம்பி கட்ட முடியாது, அது சரிதான். ஆனால் நல்ல ஒப்பந்தத்தில் கூடவே நாலு விஷயம் இருக்கும். யாரிடம் கொடுக்கவேண்டும், எத்தனை நாளில் பதில், மறுத்தால் காரணம் எழுத்தில், அதற்கு மேல் யாரிடம் அப்பீல். இந்த நாலும் இல்லாத அனுமதி, அனுமதியே இல்லை. தள்ளிப்போட ஒரு வழி. எங்களுக்குக் காட்டிய விதியில் ‘முன் அனுமதி’ மட்டும் இருந்தது, மற்ற நாலும் இல்லை. ரிஸ்லி காலத்துப் பயம் அதில் அப்படியே இருந்தது; அங்கீகாரம் போய்விடுமோ என்ற பயம். எங்களைக் கூப்பிட்டு அதட்டியவரும் பயந்துகொண்டுதான் இருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

நோட்டீசில் அம்பேத்கர் பெயர் விட்டுப்போனதை ஒரு அதிகாரி பார்த்திருந்தால் திருத்தியிருப்பாரா? எனக்குச் சந்தேகம். அவர் பார்ப்பது நிர்வாகத்தைத் தாக்கி ஏதாவது இருக்கிறதா என்று. திறந்த பலகையில் ஒட்டி, பக்கத்திலேயே பதில் எழுத இடமும் விட்டிருந்தால் எதிர்த் தரப்பு பேனாவால் திருத்தியிருக்கும். உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பேனாவுக்கு இடம் இல்லாத இடத்தில் கட்டை வந்ததைப் பார்த்தோம்.

போன மாதம் மலர் வேலையாகக் கல்லூரிக்குப் போனபோது பலகையைப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு போட்டு, சின்னப் பூட்டு தொங்குகிறது. உள்ளே ஃபீஸ் கடைசித் தேதி, இரண்டு பிளேஸ்மென்ட் அறிவிப்பு. அங்கே நின்ற இரண்டாம் ஆண்டு மாணவியிடம் சாவி யாரிடம் என்று கேட்டேன். “தெரியல அண்ணா, நாங்க எல்லாம் வாட்ஸ்அப்லதான் பேசிக்குவோம்” என்றார். அங்கே ஏதாவது பிரச்னை வராதா என்றேன். “குரூப்ல யார் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குடுக்கறாங்கன்னு தெரியாது, அதனால பாத்துத்தான் போடுவோம்” என்று சிரித்தார்.

என் ரூம் நண்பன் இப்போது மஸ்கட்டில். சந்திப்புக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அந்த மெஸ் கணக்குக் கட்டுரையை எழுதியது நான்தான் என்று பதினாலு வருடம் கழித்து அச்சில் இதோ போட்டுவிட்டேன். இந்த மலரைத் திருத்தும் குழு, முன் அனுமதி கேட்காமல், இதை அப்படியே விட்டுவிடும் என்று நம்புகிறேன்.