சேஃப் மோடு
சேஃப் மோடு என்பது, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1995 ஆகஸ்டு 24 அன்று வெளியிட்ட விண்டோஸ் 95 முதலிய இயங்குதளங்களில், வழக்கமான துவக்கம் தடைப்பட்டவிடத்து, அத்தியாவசியமான டிரைவர்களை மாத்திரம் கொண்டு கணினியை எழுப்பிப் பழுதின் காரணத்தை ஆராய்வதற்கென அமைந்த விசேஷ நிலையாகும். ‘ஸ்டார்ட்டிங் விண்டோஸ் 95’ என்னும் வாசகம் தோன்றிய க்ஷணமே எஃப்8 விசையை அழுத்தின், துவக்கப் பட்டியல் வெளிப்படும். அதில் சேஃப் மோடைத் தெரிந்தெடுத்தால், கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸிக்.பேட் என்னும் இரு கோப்புகளும் வாசிக்கப்படாமல் விடப்பட்டு, விசைப்பலகையும் மவுஸும், 640×480 புள்ளிகளும் 16 வர்ணங்களும் கொண்ட சாதாரணத் திரையும் மட்டுமே இயங்க, திரையின் நான்கு மூலைகளிலும் அந்நிலையின் பெயர் காணப்படும். விண்டோஸ் 95 வழக்கிலிருந்த காலத்தில், இங்ஙனம் கணினி எழுமாயின், தோஷம் பெரும்பாலும் புதிதாகச் சேர்த்த சாதனத்தின் டிரைவரில் உளதென அனுமானித்து, டிவைஸ் மேனேஜரில் அதனை நீக்கி மறுபடி துவக்குவர்; எழாதாயின், துவக்க ஃபிளாப்பியிலிருந்து ஸ்கேன்டிஸ்க்கை ஓட்டி வட்டைச் சோதிப்பர்.